இரண்டு புள்ளியைக் குறித்துவிட்டு பெர்னோலியைத் தொடுங்கள்

சிவில் இரண்டாம் ஆண்டு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (பாய்ம இயக்கவியல்) முதல் இன்டர்னல் தேர்வில் 50க்கு 17 வாங்கினேன். சூத்திரமெல்லாம் மனப்பாடம்தான். கணக்கைப் பார்த்ததும், ஓடும் திரவத்தின் அழுத்தம், வேகம், உயரம் மூன்றையும் இணைக்கும் பெர்னோலி சமன்பாட்டை எழுதி, கிடைத்த எண்களைப் போட்டுப் பார்ப்பேன், விடை வராது.

பிறகு வீட்டு மொட்டைமாடித் தொட்டியையே கணக்காக்கினேன். நீர்மட்டம் கீழ்க் குழாயிலிருந்து 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டேன். படம் வரைந்து, நீர்மட்டத்தில் ஒரு புள்ளி, குழாய் வாயில் ஒரு புள்ளி. இரண்டிடத்திலும் காற்றழுத்தமே, அதனால் அது அடிபட்டுப்போகிறது. தொட்டியில் மட்டம் மெல்லத்தான் இறங்கும், அந்த வேகத்தையும் விட்டுவிடலாம். மிச்சம் உயரமும் வெளியேறும் வேகமும்தான். வினாடிக்கு 14 மீட்டர் வருகிறது. எந்த வீட்டுக் குழாயிலும் தண்ணீர் அப்படிப் பாய்வதில்லையே! அந்த 10 மீட்டரில் பெரும்பகுதியைக் குழாயின் உராய்வும் எல்போ என்கிற வளைவு இணைப்புகளும் வால்வும் தின்றுவிடுகின்றன. ஹெட் லாஸ் என்று புத்தகம் சொல்வது இதைத்தான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் புள்ளி குறிக்காமல் ஒரு கணக்கும் தொட்டதில்லை.

ஹெட் லாஸில் ஒரு பொறி இருக்கிறது, கவனம். சில புத்தகங்களில் உராய்வு இழப்புக்கான சூத்திரம் '4 எஃப் எல் வி ஸ்கொயர் பை 2 ஜி டி' (எஃப் உராய்வுக் காரணி, எல் குழாயின் நீளம், வி வேகம், ஜி புவியீர்ப்பு முடுக்கம், டி குழாயின் விட்டம்). சிலவற்றில் அந்த 4 இருக்காது. இரண்டும் சரி, ஆனால் எஃப் வேறு. லாமினார் ஓட்டத்தில், அதாவது கலங்காமல் சீராக ஓடும்போது, 4 உள்ள சூத்திரத்துக்கு எஃப் என்பது 16 பை ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கலங்கியதா என்று காட்டும் எண்). 4 இல்லாததற்கு 64 பை ரெனால்ட்ஸ் எண். கலந்துவிட்டால் விடை நான்கு மடங்கு கூடும், அல்லது கால்வாசியாகும். உங்கள் புத்தகம் எது என்று முதல் நாளே பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

குழாயில் நிற்கும் திரவ மட்டத்தை வைத்து அழுத்தம் அளக்கும் மானோமீட்டருக்கு ஒரே வழி: ஒரு முனையில் தொடங்கி, திரவத்தில் இறங்கினால் அழுத்தத்தைக் கூட்டு, ஏறினால் கழி, மறுமுனை வரை போ. அப்புறம் அலகு. வினாடிக்கு 30 லிட்டர் என்றால் உடனே 0.03 கனமீட்டர் என்று மாற்றிவிடுங்கள்.

லேபில் ரெனால்ட்ஸ் சோதனையை ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் செய்து காட்டிய அதே சோதனை அது. வால்வை மெதுவாகத் திறந்துகொண்டே போனால், கண்ணாடிக் குழாய் நீருக்குள் நூல்போல நேராக ஓடிய சாய இழை நடுங்கி, கலைந்து, குழாய் முழுக்கப் பரவும். எனக்கு டர்புலன்ஸ் (கலங்கிய ஓட்டம்) புரிந்தது அந்தக் கண்ணாடிக் குழாயின் முன்னால்தான்.