கட்டி எங்கே இருக்கிறது என்று யாரும் எழுதித் தரவில்லை

மாதவிடாய் நின்று 14 மாதங்கள் ஆகியிருந்தபோது, இரவில் மூன்று நான்கு முறை உடல் முழுவதும் அனல் பரவி எழுந்து, வியர்வையில் நனைந்த உடையை மாற்றிக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடப்பதே என் வழக்கமாகியிருந்தது. ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேட்கச் சென்றேன். முதலில் பார்த்த மருத்துவர், எனக்குக் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு எனும், புற்றுநோயல்லாத தசைக்கட்டிகள் உண்டு என்ற வரியைப் பழைய அறிக்கையில் கண்டவுடனேயே கோப்பை மூடிவிட்டார். "கட்டி இருப்பவர்களுக்கு இது ஆகாது. தாங்க முடியவில்லை என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி மேலும் ஓராண்டு தூக்கமின்றிக் கழித்தேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கட்டிகள் இந்தச் சிகிச்சையில் தரப்படும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டு ஹார்மோன்களாலும் வளரக்கூடியவை என்பதும், மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கும் என்பதும் உண்மைதான். ஆனால், சிலருக்குக் கட்டி சற்று வளரலாம், உதிரப்போக்கு ஏற்படலாம் என்பதால் கண்காணிப்போடு தர வேண்டுமே தவிர, சிகிச்சையே கூடாது என்று பொருளில்லை என்பதை இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். அவர் கேட்ட முதல் கேள்வி, கட்டி எங்கே இருக்கிறது என்பது. கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் உதிரப்போக்கைக் கூட்டும். வெளிப்புறமாக வளர்ந்த கட்டி பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. என் அறிக்கையிலோ "பல கட்டிகள் காணப்படுகின்றன" என்று மட்டும் இருந்தது. இடமும் இல்லை, அளவும் இல்லை.

ஸ்கேன் எடுத்த நிலையத்துக்கே போய்க் கேட்டேன். பழைய படங்களை வைத்திருப்பதில்லை என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லி அனுப்பினார்கள். புதிதாக எடுக்கலாம் என்று வேறோர் இடத்துக்குப் போனபோது, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே அழைத்தபோதுதான், மருத்துவர் எழுதியிருந்தது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் என்பதையும், அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும் என்பதையும் கவனித்தார்கள். நான் போய்த் திரும்புவதற்குள் ஸ்கேன் செய்பவர் கிளம்பிவிட்டார். அன்றைய நாள் அப்படியே போயிற்று. எந்த வகை ஸ்கேன் என்பதைச் சீட்டில் பார்த்து, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கட்டியின் இடம், நீள அகலம், கர்ப்பப்பை உட்சவ்வின் தடிப்பு ஆகிய மூன்றும் அறிக்கையில் வர வேண்டும் என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுமுறை நான் அப்படிச் சொன்னதால்தான் எல்லாம் தெளிவாகக் கிடைத்தன: மூன்று கட்டிகள், பெரியது தசைச்சுவருக்குள் 4.2 செ.மீ., உட்குழிக்குள் எதுவும் இல்லை, உட்சவ்வு 3 மி.மீ.

அதன் பிறகு மருந்து எழுதுவது எளிதாகவே முடிந்தது. தோலில் ஒட்டி வாரத்துக்கு இருமுறை மாற்றும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச், இரவில் 100 மி.கி. புரோஜெஸ்டிரோன் மாத்திரை. மருந்துக் கடையில் பேட்ச் மட்டும் இருந்தது. மாத்திரை வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். நான் ஒட்டிக்கொள்ளவில்லை. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து எடுத்தால் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகும் ஆபத்து உண்டு என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். மூன்று கடைகள் ஏறி இறங்கி இரண்டையும் சேர்த்து வாங்கிய பின்னரே தொடங்கினேன். அந்த மாத்திரை தூக்கத்தைத் தருவது என்பதால் படுக்கைக்குப் போகும்போது போட்டுக்கொள்வதே நல்லது.

மூன்றாவது வாரத்தில் அனல் குறைந்தது. ஏழாவது வாரத்தில் உதிரம் பட்டது. குளியலறையில் அந்தக் கறையைப் பார்த்தபோது, முதல் மருத்துவர் சொன்னதுதான் சரியோ என்று கை நடுங்கியது. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் இப்படி வருவது அரிதல்ல என்றாலும், அதிகமாகப் போனாலோ, ஆறு மாதங்களுக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, நின்றுபோய் மீண்டும் தொடங்கினாலோ கட்டிதான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது; உட்சவ்வைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். எந்த நாளில் எவ்வளவு பட்டது என்று நாட்காட்டியில் குறித்துவைத்திருந்தேன். மருத்துவர் முதலில் வாங்கிப் பார்த்தது அதைத்தான். கட்டிகள் இருப்பதால் ஆறாவது மாதம் வரை காத்திராமல் உடனே ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

பெரிய கட்டி 4.3 செ.மீ. பழைய அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்து, இது அளவெடுப்பில் வரும் வேறுபாடுதான், வளர்ச்சியல்ல என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தைய அளவு கையில் இல்லாதிருந்தால், அந்த 4.3 என்ற எண்ணைக் காட்டியே பேட்சை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். நான்காவது மாதத்தில் உதிரம் நின்றது. வாரத்தில் ஓரிரு இரவுகள் இன்னும் அனலடிக்கிறது. ஆனால் எழுந்து உடை மாற்ற வேண்டியதில்லை. அடுத்த ஸ்கேன் ஆறு மாதங்கள் கழித்து. இரண்டு அறிக்கைகளின் நகல்களும் என் கைப்பையிலேயே இருக்கின்றன.