நூறு வெள்ளிப்பணம்

பைபிளில் மத்தேயு 18-ல், மன்னிப்பைப் பற்றி இயேசு சொன்ன கடன்பட்ட வேலைக்காரன் உவமையைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். ராஜா அவனுக்கு மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து. அவன் தன்னிடம் கடன்பட்ட உடன் வேலைக்காரனின் தொண்டையை நெரித்துக் கேட்டதோ வெறும் நூறு வெள்ளிப்பணம் என்பார்கள். அந்த "வெறும்"தான் இடிக்கிறது. ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. நூறு என்றால் மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த காசு. போனால் போகட்டும் என்று விடுகிற தொகையா அது?

இயேசு தெரிந்தேதான் அப்படி வைத்தார் என்று எனக்குப் படுகிறது. நமக்கு நடந்த அநியாயம் அற்பம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியென்றால் பதினாயிரம் தாலந்து, 6 கோடி நாள் கூலி! அத்தனையும் தள்ளுபடியாகி வெளியே வந்த கையோடுதான் அவன் அடுத்தவன் கழுத்தைப் பிடிக்கிறான்.

அதற்காக, காயப்பட்டவரிடம் போய் "நீங்க விசுவாசிதானே, மன்னிச்சிடுங்க" என்று அவசரப்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். லூக்கா 17:3-ல் "அவனைக் கடிந்துகொள்" என்பது முதலில் வருகிறது. மன்னிப்பு அதற்குப் பிறகு. மன்னித்துவிட்டாய் அல்லவா, அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போ என்று இயேசு அங்கே சொல்லவில்லை.