கரையாத சேர்மம்

புற்றுநோய்க்கு எதிராகச் சோதிக்க நான் எடுத்துக்கொண்டவை சால்கோன்கள், அதாவது இரண்டு பென்சீன் வளையங்களை நடுவில் ஒரு கீட்டோனும் இரட்டைப் பிணைப்பும் இணைக்கும் சேர்மங்கள். மூன்று மீத்தாக்சி தொகுதிகள் கொண்ட சால்கோன்களில் சில, செல் பிரியத் தேவையான டியூபுலின் புரதத்தில், கோல்சிசின் என்ற மருந்து ஒட்டும் அதே இடத்தில் போய் ஒட்டி, செல் பிரிவதைத் தடுக்கும். அந்த மீத்தாக்சி வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்க வளையத்தை மட்டும் மாற்றி மாற்றி 14 சேர்மங்கள் செய்தேன்.

செய்வது பெரிய வேலையில்லை. கீட்டோனையும் ஆல்டிஹைடையும் எத்தனாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கலக்கினால் மஞ்சளாக வீழ்படிவு வரும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனையில் 15 ஹெர்ட்ஸை ஒட்டிய பிணைப்பு மாறிலி தெரிந்தால், இரட்டைப் பிணைப்பின் இரு முனைத் தொகுதிகளும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் டிரான்ஸ் வடிவம்தான் என்று நிம்மதியாகிவிடும்.

கஷ்டம் செல்களிடம் போனபிறகுதான். 96 குழித் தட்டில் எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களைப் போட்டு, சேர்மம் கலந்து, 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தேன். அப்புறம் எம்.டி.டி. சோதனை. உயிருள்ள செல், எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், செத்த செல்லால் முடியாது. என் தட்டில் பல வரிசைகள் அடர் ஊதா. ஆறு சேர்மங்களுக்கு நேராக, 'செயலற்றது' என்று குறிப்பேட்டில் எழுதி ஒதுக்கிவிட்டேன்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. ஒரே அளவு மருந்து விட்ட மூன்று குழிகளில் மூன்று விதமான அளவீடு. கை தவறியிருக்கும் என்று இரண்டு முறை திரும்பச் செய்தேன், அப்போதும் அப்படித்தான். மூன்றாவது முறை, எம்.டி.டி. விடுவதற்கு முன் தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். செல்களுக்கு மேல் ஊசி ஊசியாகப் படிகங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் தெளிவாகக் கரைந்திருந்த சேர்மம், நீர் நிறைந்த வளர்ப்பு ஊடகத்தில் பட்டதும் வெளியே வந்துவிட்டது. செல்லுக்குள் மருந்து சரியாகப் போகவே இல்லை! டி.எம்.எஸ்.ஓ.வைக் கூட்டவும் வழியில்லை. நாங்கள் 0.5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை; தாண்டினால் அதுவே செல்லைப் பாதிக்கலாம்.

என் வழிகாட்டி மேடம்தான் இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தை நினைவூட்டினார். கரைதிறனைக் கூட்டுவதற்காக அந்த மருந்தில் பைப்பரசின் வளையம் சேர்த்திருக்கிறார்கள். நானும் ஒதுக்கியவற்றில் இரண்டு சேர்மங்களில் அதை வால்போல இணைத்து, ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றினேன். ஊசிகள் வரவில்லை. ஒதுக்கி வைத்திருந்த அந்தக் கட்டமைப்பு செல்களைக் கொல்லத் தொடங்கியது.

இதற்கிடையில் நைட்ரோ தொகுதி கொண்ட இன்னொரு சேர்மம் மிகக் குறைந்த ஐசி50 மதிப்பு (செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவு) தந்து எங்களை மகிழ்ச்சியில் ஆழ்த்தியிருந்தது. இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களில் சோதித்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. அவற்றையும் அதே அளவில் கொன்றது. சால்கோனின் இரட்டைப் பிணைப்பு புரதங்களில் உள்ள, கந்தகம் கொண்ட தயோல் தொகுதிகளோடு வினைபுரியக்கூடியது, நைட்ரோ அந்த வேகத்தை இன்னும் கூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வகைச் செல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஐசி50 எண்ணை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை.

பைப்பரசின் வால் கொண்ட இரண்டில் ஒன்று மட்டும் இயல்பான செல்களைப் பெரிதாகத் தொடவில்லை. அடுத்து அது ரத்தப் பிளாஸ்மாவில் எத்தனை மணி நேரம் சிதையாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது சரியாக வந்தால்தான் எலிகளில் சோதிக்க நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிப்போம்.