ஒரு படகு, இரண்டு இன்ஜின், 28 டிகிரி வித்தியாசம்

துபாயில் ஆட்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போகும் 36 அடிப் படகு ஒன்றில் இன்ஜின் பார்ப்பது என் வேலை. உள்ளே இரண்டு டீசல் இன்ஜின்கள், ஒரே மாடல், ஒரே வயசு. போன ஆகஸ்டில் வலப்பக்க இன்ஜின் மீட்டர் 98 காட்டியது, இடப்பக்கம் 70. கேப்டன் மலையாளி. "வலது பக்கத்தைப் பிரிச்சிடு" என்றார். "சேட்டா, முதல்ல மீட்டர் பொய் சொல்லுதான்னு பார்ப்போம்" என்றேன்.

வெப்பம் பார்க்கும் லேசர் துப்பாக்கி இருந்தால் இந்த வேலை பாதி முடிந்த மாதிரி. ஆனால் பளபளக்கும் உலோகத்தில் பிடித்தால் அது குறைத்துக் காட்டும். இரண்டு இன்ஜினிலும் தெர்மோஸ்டாட் (இன்ஜின் போதிய சூடு ஏறும்வரை கூலன்டைக் குளிரவிடாமல் மூடி வைக்கும் வால்வு) மூடிமேல் கறுப்பு மார்க்கரால் ஒரு வட்டம் வரைந்து, அங்கேயே பிடித்தேன். வலது 90, இடது 68. ஆக, சூடு உண்மை. மீட்டர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது. டேஷ்போர்டில் விளக்குகளைப் போட்டதும் வலது மீட்டரின் முள் இன்னும் மேலே போனது. எர்த் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. மீட்டருக்குப் பின்னால் எர்த் வயர் முனையில் பச்சைக் களிம்பு. சுரண்டி இறுக்கியதும் 98 இருந்தது 92-க்கு இறங்கியது.

மிச்சத்துக்குக் காரணம் தேட வேண்டும். கட்டின கயிறோடு வேகம் கூட்டிப் பார்த்தால் சரியான சுமை வராது. அதனால் கடலுக்குள் போய் ஒவ்வொரு வேகத்திலும் அளந்து நோட்டில் எழுதினேன். ஐடிலில் வலது 80, இடது 58. 1200 சுற்றில் வலது 82. 2000-க்கு மேல் வலது ஏறிக்கொண்டே போனது. சுற்று ஏற ஏறச் சூடும் ஏறினால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்றுதான் அர்த்தம். ப்ரொப்பெல்லரில் கயிறோ வலையோ சுற்றினாலும் இப்படி ஏறும், எனவே முங்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. (அந்த நோட்டில் விடையின் இன்னொரு பாதியும் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.)

கடல் தண்ணீர் போகும் வழியிலேயே நானும் போனேன். தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் கொஞ்சம் சொறிமீன் (ஜெல்லி மீன்) கூழ், அதைக் கழுவியும் மாற்றமில்லை. கடல் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றினால் இதழ்கள் முழுசாக இருந்தன. நாலு மாதம் முன்புதான் மாற்றியது. பலரும் இந்த இடத்தில்தான் மூடிவிட்டு வேறு எங்கோ போவார்கள். எனக்கு ஒரு சந்தேகம்: இதற்கு முந்தைய இம்பெல்லரை ஏன் மாற்றினார்கள்? அது உடைந்திருந்தால் துண்டுகள் எங்கே?

கடல் தண்ணீர் சின்னக் குழாய்கள் வழியே ஓடி கூலன்டைக் குளிர வைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்தேன். குழாய்களின் வாயை அடைத்தபடி மூன்று ரப்பர் இதழ், கூடவே, மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபட வைக்கும் ஜிங்கிலிருந்து உதிர்ந்த துண்டுகள். இம்பெல்லர் மாற்றிய புண்ணியவான் உடைந்த இதழ்களைத் தேடவே இல்லை. எல்லாவற்றையும் எடுத்து, மெல்லிய மரக்குச்சியால் ஒவ்வொரு குழாயையும் குத்திவிட்டு, புது ஜிங்க் போட்டு ஓட்டினேன். 2400 சுற்றில் வலது 83.

சேட்டாவுக்கு சந்தோஷம். எனக்கு நோட்டைப் பார்த்ததும்தான் உறைத்தது. இடது இன்னும் 68-லேயே நிற்கிறது. கடல் தண்ணீரே 33 டிகிரி இருக்கும் மாதம். 82-ல் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜின் ஐடிலில் 58-க்கு மேல் ஏறாதென்றால் என்ன அர்த்தம்? இத்தனை நாள் அதைத்தான் 'நல்ல இன்ஜின்' என்று வைத்து மற்றதை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். காலையில் இடது பக்கம் விடும் வெள்ளைப் புகைக்கு டீசல் சரியில்லை என்று கடைக்காரனை வேறு திட்டியாயிற்று.

மூடியைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. யாரோ எடுத்துவிட்டு வெறும் கேஸ்கெட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். குளிர்ந்தே ஓடும் டீசல் இன்ஜினில் எரிபொருள் முழுசாக எரியாது. புகை வரும், இன்ஜெக்டரில் கரி படியும், கொஞ்சம் டீசல் ஆயிலிலும் இறங்கும். ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்தேன், டீசல் வாடை லேசாக அடித்தது. ஆயிலையும் மாற்றிவிட்டேன்.

புது தெர்மோஸ்டாட்டைப் போடுமுன் சமையல்கட்டில் ஒரு பாத்திரத் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்கினேன். 82-ஐ ஒட்டித் திறக்க ஆரம்பித்தது. மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்று வெளியேற்றி ஒரு மணி நேரம் ஓட்டினோம். வலது 83, இடது 84. மறுநாள் காலைப் புகையும் குறைந்திருந்தது.

"எந்த மடையன் தெர்மோஸ்டாட்டை எடுத்தான்?" என்று சேட்டா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் லாஞ்சுப் பட்டறையில் வேலை பழகிய காலத்தில், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குடா?" என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல, என் கையாலேயே எத்தனையோ கழற்றி எறிந்திருக்கிறேன்.