முதல் வருஷப் பிள்ளைக்கு முதலில் ஒரு காலண்டர்

கடலூர் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியிலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ, வீட்டிலிருந்து முதல் ஆளாக வந்து சேரும் பிள்ளைக்கு வழிகாட்ட நினைக்கிறீர்களா? ஊக்கம் தரும் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் எந்த மாதம் கையில் காசு இருக்காது என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீட்டில் வருமானம் நின்று போயிருக்கும்போதுதான் கல்லூரிச் சேர்க்கையும் வரும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி பொறுக்கும் பருவம், இரண்டாவது செமஸ்டரின் கடைசி வாரங்களில் விழும். கூலிக்குப் போகிற பிள்ளையின் அட்டெண்டன்ஸ் அங்கேதான் 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் லீவுக்கு இடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பஸ் ஓடாத நாட்களையும் சேர்த்து, மீதி எத்தனை என்று பிள்ளையே நோட்டில் எழுதி வரட்டும். பரீட்சைக்கு முந்தின வாரம், தேர்வு எழுத அனுமதி கேட்டு ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அறை வாசலில் நிற்கும் நிலை வராது.

அடுத்து சான்றிதழ்கள். முதல் பட்டதாரி சான்றிதழ், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்கிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. இதை அறியாமல் முன்பணம் கட்டிவிடும் குடும்பங்களை நினைத்தால் மனசு வலிக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவதுதான் கடினம். ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயர் மாற்ற ஆயுளில் இரண்டே முறைதான் அனுமதி, கவனம். உதவித்தொகை வரவில்லை என்றால், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைந்தது என்று பாருங்கள். பணம் அங்கேதான் போகும். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இதே பரிசோதனைதான்.

முதல் இன்டர்னல் தேர்வு முடிந்ததும் விடைத்தாளோடு உட்காருங்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை பத்து மார்க் கேள்விக்கு மூன்று வரி எழுதியிருக்கும். விஷயம் தெரியும், ஆங்கிலத்தில் நீட்டி எழுதத்தான் பயம். வாரம் ஒரு விடை எழுதித் திருத்தி வாங்கினால், நவம்பர் தேர்வுக்குள் கை ஓடும்.

வழிகாட்டுகிறவர்கள் அதிகம் தவறுவது இரண்டு இடத்தில். கடன் கொடுப்பது ஒன்று. திருப்பித் தர முடியாத பிள்ளை உங்களைப் பார்த்தாலே ஒதுங்கும். மற்றொன்று, கல்லூரி அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்வது. கூடப் போங்கள், பின்னால் நில்லுங்கள், "சார், என் விண்ணப்பம் எந்த நிலையில இருக்கு?" என்று பிள்ளையே கேட்கட்டும். இரண்டாம் வருஷம் இரண்டு ஜூனியர்களை அந்தப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். ஜூனியர்களின் படிவத்தை அந்தப் பிள்ளை சரிபார்க்க, நீங்கள் கடைசியில் ஒரு முறை பார்த்தால் போதும். வகுப்புப் பிரதிநிதி, என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் எல்லாம் அதற்கு அப்புறம் தானாக வரும். மாணவிகளுக்கு ஒரு சீனியர் அக்காவைச் சேர்த்துவிட்டு, அம்மாவிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். வழிகாட்டுகிற ஒருவர் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஆறாவது பிள்ளையின் லீவுக் கணக்கு விட்டுப்போகும்.