சம்பளத்துக்குப் பிறகுதான் டிக்கெட்

ரியாத்தில் எங்கள் இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் அரபு மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் பல அதிகாரிகளுடன் வேலை செய்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் இன்றைக்கும் ஆட்கள் விசாரிக்கிறார்கள். மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். போன வருடம் காலமானார். பெயர் வேண்டாம் என்பது வீட்டாரின் விருப்பம். அதனால் நாங்கள் கூப்பிட்டபடியே சேர் என்று எழுதுகிறேன்.

அவருக்கு எங்கள் ஊர்கள் புதிதல்ல. இளம் வயதில் திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்தவர். பாலங்கள் இல்லாத காலம் அது. மூதூருக்கு லாஞ்சிலும் கிண்ணியாவுக்குப் படகுப்பாதையிலும் போக வேண்டும். அப்படிப் போய் வந்த பழக்கத்தில் தமிழும் நன்றாகவே படிந்திருந்தது. கொஞ்சம் கரடுமுரடான தமிழ்தான். ஆனால் வெட்கப்படாமல் பேசுவார். என்னை மௌலவி என்று கூப்பிடுவார்.

வேலை கொடுத்தவரின் வீட்டை விட்டு ஓடி வந்த பெண்கள் தங்கும் இல்லத்தை எல்லாரும் கேம்ப் என்போம். புதிதாக ஒருவர் வந்தால் சேர் பைலைத் திறக்க மாட்டார். கதிரையை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு, எந்த ஊர், எந்தப் பாடசாலையில் படித்தீர்கள், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று கேட்பார். தோப்பூர் என்றால் அல்லைநகரா செல்வநகரா என்று அடுத்த கேள்வி வரும். மாதக்கணக்கில் யாரிடமும் தன் பாஷையில் பேசியிராத ஒருத்திக்கு, கோட் போட்ட ஒரு சிங்கள அதிகாரி தன் தெருவைக் கேட்டால் எப்படி இருக்கும்? பலர் அந்த இடத்திலேயே அழுதுவிடுவார்கள். அழுது முடியும் வரை அவர் பேசாமல் இருப்பார். என்ன நடந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

கேம்ப்புக்கு வரும் பெண்களில் பெரும்பாலானோர் கேட்பது ஒன்றே: என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்புவதுதான் எல்லாருக்கும் சுலபம். கபீல், அதாவது வேலை கொடுத்தவர், நாட்டை விட்டுப் போக எக்ஸிட் விசா அடித்துக் கொடுத்து, டிக்கெட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் பைலை மூடிவிடலாம். கபீல்மாரும் அதைத்தான் விரும்புவார்கள். ஒரு கையில் டிக்கெட், மறு கையில் அரபில் எழுதிய ஒரு தாள். அதில் கைநாட்டு வைத்தால் விமான நிலையம். அந்தத் தாளில் என்ன இருக்கும் தெரியுமா? என் சம்பளம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இவர்மீது எனக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை என்று இருக்கும். வருடக்கணக்கில் ஒரு ரியாலும் கைக்கு வராத பெண்ணும் அதில் கைநாட்டு வைக்கத் தயாராக இருப்பாள். பிள்ளையைப் பார்த்தால் போதும் என்ற நிலை.

சேர் அங்கேதான் மறித்து நிற்பார். சம்பளத்துக்குப் பிறகுதான் டிக்கெட். விமானம் ஏறிவிட்டால் அந்தக் காசு போனது போனதுதான் என்று அவருக்குத் தெரியும். மூதூரில் இருந்துகொண்டு ரியாத்தில் ஒரு வீட்டுக்காரரிடம் பாக்கியை யார் போய்க் கேட்பது?

அவர் கபீலை மிரட்ட மாட்டார். தூதரகத்துக்கு வரச் சொல்லி, கஹ்வாவும் பேரீச்சம்பழமும் வைத்து, குடும்ப நலன் விசாரித்து, பிறகு ஒரு தாளை எடுத்து மாதங்களை வரிசையாக எழுதுவார். முஹர்ரம், ஸபர், ரபீஉல் அவ்வல்... ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே, கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று என் மூலம் கேட்பார். இல்லாத இடத்தில் ஒரு கோடு. கோடுகள் கூடக் கூட எதிரே இருப்பவரின் குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் அன்றைக்கே வங்கிக்குப் போய்க் காசோடு திரும்பி வந்திருக்கிறார்கள். சிலர் எழுந்து போனார்கள், பிறகு வரவேயில்லை. சிலர், நாங்கள் எப்போதும் நல்லபடி கொடுப்பவர்கள், இந்த முறைதான் தவறிவிட்டது என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார்கள். அப்படிப்பட்டவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

அலுவலகத்தில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஒரு பெண் கேம்ப்பில் மாதக்கணக்கில் காத்திருப்பது அவளுக்கே துன்பம், கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாத காசுக்காக ஏன் வைத்திருக்க வேண்டும் என்று சில நண்பர்கள் வாதிடுவார்கள். அதிலும் நியாயம் இருந்தது. காத்திருந்தும் வெறுங்கையோடு போனவர்கள் உண்டு. சேர் முடிவை அந்தப் பெண்ணிடமே விடுவார். ஆனால் இவ்வளவு காசு வர வேண்டியிருக்கிறது, காத்திருந்தால் இப்படி, போனால் இப்படி என்று கணக்குக் காட்டிய பிறகுதான் அவள் முடிவைக் கேட்பார். போகத்தான் வேண்டும் என்பவரிடம், அவருக்காக வழக்குப் பேச ஒரு வக்காலத்தாவது எழுதி வாங்கிக்கொள்வார். என் அபிப்பிராயத்தில் அவர் செய்ததுதான் சரி. உழைத்த காசோடு திரும்பியவர்களையும் அது இல்லாமல் திரும்பியவர்களையும் இங்கே ஊரில் தினமும் பார்க்கிறேன். ஒரு வீட்டில் கல் வைத்த சுவர் எழும்பியிருக்கிறது. அடுத்த வீட்டில் ஏஜென்சிக்காரனுக்காக வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை.

இன்னொரு விஷயத்திலும் பிடிவாதம். வாசித்துக் காட்டாத தாளில் எந்தப் பெண்ணும் கைநாட்டு வைக்கக்கூடாது. அரபில் இருப்பதை நான் வரிவரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். அவள் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. ஷாபி நகர் ரிஸானா நபீக்கை யாரும் மறக்கவில்லை. பிறந்தது 1988இல், கடவுச்சீட்டில் 1982 என்று இருந்தது. 2005இல் சவூதி போன அந்தப் பிள்ளை, வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு குழந்தையின் மரணத்துக்காகக் கைதானாள். ஆரம்ப விசாரணையில் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இல்லை. 2007இல் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அந்த வழக்கின் காலத்தில் சேர் ரியாத்தில் இல்லை. ஆனால் வந்த நாளிலிருந்து அதை மனதில் சுமந்துகொண்டுதான் வேலை செய்தார். முகத்தில் பால்மணம் மாறாத ஒரு பிள்ளை 24 வயது என்ற கடவுச்சீட்டோடு வந்தால், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு உண்மையான வயதைக் கேட்பார். பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு அன்றைக்கே செய்தி போகும்.

சிறைகளுக்கும் அவர் ஓயாமல் போவார். தன் நாட்டவர் அடைபட்டிருந்தால் போய்ப் பார்த்துப் பேசும் உரிமை, கொன்சியூலர் உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது உறுப்புரையில் இருக்கிறது. அதன் அரபுப் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வாசலில் யாராவது தயங்கினால் நிதானமாக எடுத்து நீட்டுவார்.

2013 பொதுமன்னிப்பு மாதங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நவம்பர் 3ஆம் திகதிக்குள் ஆவணங்களைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றார்கள். தூதரக வாசலில் வெயிலில் வரிசை, உள்ளே, கடவுச்சீட்டுக்குப் பதிலாக ஊர் திரும்பக் கொடுக்கும் அவுட்பாஸ் எழுதி எழுதிக் கை மரத்துப்போன நாங்கள். அதே வருடம் ஜூலையில் வீட்டுப் பணியாளர்களுக்கென ஒரு ஒழுங்குவிதி வந்தது. 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் அவர்களை வெளியே விட்டிருந்ததால் அதுவரை காட்டிப் பேச அவர்களுக்கென ஒன்றும் இல்லை. இப்போது ஒரு நாளில் ஒன்பது மணி நேர ஓய்வு, கிழமைக்கு ஒரு நாள் விடுமுறை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சம்பளத்தோடு ஒரு மாத லீவு, நான்கு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை என்று எழுத்தில் வந்துவிட்டது. சேர் அதை என்னைக் கொண்டு தமிழில் எழுதுவித்து, சிங்களத்தில் தானே எழுதி, கேம்ப் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினார். ஒரு வெருகல் பிள்ளை அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

மரணங்கள் வந்தால் அவர் தொலைபேசியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். தானே ஊருக்குப் பேசுவார். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு சாரதி நெஞ்சுவலியில் மௌத்தானபோது, ஜனாஸாவை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று அவருடைய சகோதரர் கடிதம் அனுப்பினார். பொலிஸ் அறிக்கை, கபீலின் கடிதம், வைத்தியசாலைச் சான்றிதழ் எல்லாம் தயார். சேர் கையெழுத்துப் போடவில்லை. மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவரிடம் யாரும் கேட்கவேயில்லை என்று தெரிந்ததும் கிராம சேவகர் மூலம் அவரைத் தொலைபேசிக்கு வரவழைத்துப் பேசினார். அந்த மனைவி யோசித்துச் சொல்ல ஒரு இரவு கேட்டார். மறுநாள், அங்கேயே அடக்குங்கள், ஆனால் கப்ரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். போட்டோவும் போனது. வர வேண்டிய சம்பளப் பாக்கி அவர் பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் போக வேண்டும் என்பதற்காகப் பிரதேச செயலாளர் உறுதிப்படுத்திய வாரிசு விவரம் வரும் வரை பைலைத் திறந்தே வைத்திருந்தார். அந்த நாளில் இதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும். இப்போது திருகோணமலையிலேயே பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அலைந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை மனைவியோடு திருகோணமலைக்கு வந்தார். கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு எனக்குப் பேசினார். 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் நடுவில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, படகுப்பாதை ஓடிய இடத்தை மனைவிக்குக் காட்டினார். எங்கள் வீட்டில் பகல் சாப்பாடு. செய்தி எப்படிப் போனதோ, கேம்ப்பில் இருந்து திரும்பிய ராத்தாமார், எங்கள் ஊர் அக்காமார், பலர் வந்துவிட்டார்கள். இடியப்பம், இறால், கணவாய், முந்திரிப் பருப்புப் போட்ட நெய்ச்சோறு என்று ஆளுக்கொரு சட்டி. எல்லாரிடமும் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாரை வெளிநாட்டு வேலைக்குப் போகவிடாமல் 2013இல் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தது. தடை போட்டால் போகிறவர்கள் விசிட் விசாவில் போவார்கள், பதிவு இருக்காது, காப்புறுதி இருக்காது, பிரச்சினை வந்தால் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது என்றார். அன்றைக்கு மேசையில் இருந்த பெண்களில் சிலருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மரணச் செய்தி வந்ததும் கிண்ணியாவிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். தோப்பூரிலிருந்தும் இருவர் ஏறிக்கொண்டார்கள். கந்தளாய், ஹபரணை என்று இரவெல்லாம் ஓடி, விடியும்போது மாத்தறை. அவருடைய பிள்ளைகளுக்கு எங்களை யார் என்று தெரியவில்லை. அப்பா வெளிநாட்டில் வேலை பார்த்தார் என்று தெரியும், என்ன வேலை என்று வீட்டில் பேசியதே இல்லையாம். ஒவ்வொரு ராத்தாவும் தன் கதையைச் சொல்ல, நான் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் மகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மகனும், அயலவர்களும், இரண்டு பிக்குமாரும் வந்து கதிரை போட்டுக்கொண்டார்கள். பத்து மணிக்குப் புறப்பட இருந்தவர்கள் பின்னேரம்தான் கிளம்பினோம்.

மகள் அடுத்த வாரம் தொலைபேசியில் பேசினார். அன்றைக்குச் சொன்னதெல்லாம் மறந்துபோக முன் எழுதி அனுப்புங்கள், பேரப்பிள்ளைகளுக்கு நான் சிங்களத்தில் எழுதி வைக்கிறேன் என்றார். அவருக்காகத்தான் இதைத் தொடங்கினேன். தவாத்மிச் சிறைக்குப் போன பயணங்கள், ஜித்தாவில் முடித்த வழக்குகள், ஊருக்கு வர மறுத்த ஒரு பெண்ணின் கதை எல்லாம் இன்னும் பாக்கி இருக்கின்றன. சேருவில ராத்தா ஒருவர் தன்னுடையதைத் தானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.