உள்ளே வெட்டும் இடதுகால்: ஆர்யென் ராபன்

"அவன் உள்ளேதான் வெட்டுவான், இடதுகாலால்தான் அடிப்பான், ஊருக்கே தெரியும்." நெதர்லாந்துக் கால்பந்து வீரர் ராபன் பேச்சை எடுத்தால் தஞ்சாவூரிலிருந்து காரைக்கால் வரை எந்த மைதானத்திலும் முதலில் வந்து விழுவது இதுதான். சரிதான். ஆனால் தெரிந்திருந்தும் இத்தனை வருஷம் பேக்குகள், அதாவது தடுப்பாட்டக்காரர்கள், ஏன் ஏமாந்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. நம் பக்கத்து இடதுகால் பையன்கள் யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் சாயங்காலமே செய்து பார்க்கிறார்கள். பந்து போகிறது, சில பேருக்குப் பின்தொடையும் போகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தடுப்பவன் பக்கம் நின்று பாருங்கள். ராபன் வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில் வருகிறார், எதிரே லெஃப்ட் பேக். அந்த இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் இடதுகால்காரர். ராபன் உள்ளே, அதாவது தன் இடப்பக்கம் வெட்டும்போது பந்து பேக்கின் வலப்பக்கம் போகிறது. அவர் நீட்ட வேண்டியது தனக்குப் பழகாத வலதுகாலை. சரி, முன்கூட்டியே உள்பக்கம் நகர்ந்து நின்றுகொள்ளலாமே என்றால், கோட்டோரம் திறந்துவிடும். அவர் ஆடிய ஜெர்மன் கிளப் பயர்னில் அந்தக் கோட்டோரத்தில் பின்னாலிருந்து ஓடிவந்தவர் பிலிப் லாம். ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறக்கும் என்பதால், பேக் நடுவில் நின்று காத்திருக்க வேண்டியதாகிறது. காத்திருப்பவர் எப்போதும் அரை நொடி பின்னால்தான்.

அந்த அரை நொடியை ராபன் எடுத்த விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. அவர் பந்தை இடதுகாலால் மட்டுமே கொண்டுவருவார். கிட்டத்தட்ட ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தொடுதல், பாதத்தின் வெளிவிளிம்பால். பந்து காலைவிட்டு ஒரு முழத்துக்கு மேல் விலகாது. பேக்குக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும்போது எட்டுகள் குறுகும், வேகம் கொஞ்சம் இறங்கும், தோள் வலப்பக்கம் சாயும். பேக்கின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்க அவருக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். எடை வெளிப்பக்கம் போனதும் வலதுகாலை ஊன்றி உந்தி, இடதுகால் வெளிவிளிம்பால் பந்தை உள்ளே தள்ளுவார். எப்போது வெட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்து வைத்திருப்பதில்லை. அதனால்தான் தெரிந்தும் தடுக்க முடியவில்லை. எதைச் செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும், எந்த எட்டில் செய்வார் என்பதுதான் தெரியாது.

வெட்டியதும் பெனால்டி பாக்ஸ் கோட்டுக்கு இணையாக இரண்டோ மூன்றோ தொடுதல். பிறகு பாதத்தின் உட்புறத்தால் தூர போஸ்ட்டுக்கு ஷாட். பந்து போஸ்ட்டுக்கு வெளியே போவதுபோல் கிளம்பி உள்ளே வளையும். நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் பேக்குகள் வரிசையாகக் குறுக்கே வந்து நிற்பதால் அடித்த கணம் கோலியின், அதாவது கோல்கீப்பரின், கண்ணுக்குத் தப்பிவிடும். கோலி தூர போஸ்ட் பக்கம் ஒரு எட்டு முன்கூட்டி வைத்தால் அதே கால், அதே அசைவு, ஆனால் பந்து பக்கத்து போஸ்ட்டில் இருக்கும்.

இது பிறவி வரம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ராபன் 1984 ஜனவரி 23 அன்று நெதர்லாந்தின் வடக்கே, குரோனிங்கன் மாகாணத்து பெடும் என்ற சிற்றூரில் பிறந்தவர். கால்வாயும் புல்வெளியுமான தட்டை நிலம், நம் நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்த ஒல்லாந்தரின் நாடு. ஊர்க் கிளப்பில் சிறுவயதில் அவருக்குக் கிடைத்தது டச்சுப் பயிற்சியாளர் வீல் கூர்வர் வகுத்த முறைப் பயிற்சி. ஒரு வித்தையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பந்தும் தானுமாக நூற்றுக்கணக்கான முறை செய்யவைக்கும் முறை அது. மேலே சொன்ன வெட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்க முடிவதற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

2000இல் எஃப்சி குரோனிங்கன், 2002இல் பிஎஸ்வி, 2004இல் செல்சி, 2007இல் ரியல் மாட்ரிட். மூன்று நாடுகளில் லீக் பட்டம் வாங்கியாகிவிட்டது, ஆனால் காயம் விடவில்லை. 2009 ஆகஸ்டில் பயர்ன் மியூனிக் வந்தார். ஒப்பந்தத்துக்கு மறுநாளே வோல்ஃப்ஸ்பர்குக்கு எதிராக இடைவேளைக்குப் பிறகு இறங்கி இரண்டு கோல், இரண்டுக்கும் பந்து கொடுத்தவர் பிராங்க் ரிபெரி. இடது விங்கில் வலதுகால்காரர், வலது விங்கில் இடதுகால்காரர் என்ற அந்த ஏற்பாடு பத்து சீசன் ஓடியது. ராபன் கணக்கில் 309 ஆட்டம், 144 கோல், எட்டு பண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டம்.

ஆனால் அவருடைய மிகப் பெரிய கோல் அந்த வெட்டில் வந்ததல்ல. 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதி, வெம்ப்ளி, எதிரணி டோர்ட்மண்ட். நம் கடிகாரத்தில் மே 26 அதிகாலை ஏறத்தாழ இரண்டு மணி. 89ஆவது நிமிடம், 1-1. போவாடெங் பின்னாலிருந்து தூக்கி அனுப்பிய பந்தை ரிபெரி குதிகாலால் தட்டிவிட, ராபன் விங்கில் இல்லாமல் நடுவில் இரண்டு ஸ்டாப்பர்களுக்கு இடையே புகுந்து வந்தார். எல்லோரும் பலமான அடியை எதிர்பார்த்த இடத்தில் பந்தை லேசாகத் தொட்டார், அவ்வளவுதான். கோலி வைடன்ஃபெல்லர் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, பந்து மறுபக்கம் உருண்டு உருண்டு உள்ளே போனது. அந்த மெதுவான உருளலை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கோலியின் எடை எந்தக் காலில் என்று பார்க்கும் அதே கண்தான் அங்கேயும் வேலை செய்கிறது.

அதற்கு முன் வாங்கிய அடிகளும் சிறியவை அல்ல. 2010 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயின் கோலி காசியாஸை மட்டும் எதிரே வைத்து ராபன் அடித்த பந்து காசியாஸின் கால் நுனியில் பட்டு வெளியே போனது. 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், சொந்த மைதானத்தில், ராபனின் கூடுதல் நேரத்துப் பெனால்டியை செல்சி கோலி செக் பிடித்தார். மூன்றே நாளில் அதே மைதானத்தில் நெதர்லாந்துக்காக பயர்னை எதிர்த்து ஆடியபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அந்த ஆட்டம் நடந்ததே அவருடைய பின்தொடைக்காகத்தான். 2010 ஜூனில் ஹங்கேரியுடனான நட்பு ஆட்டத்தில் குதிகாலால் ஒரு பந்தைத் தட்டப்போய்ப் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அதோடு உலகக் கோப்பை ஆடிவிட்டுத் திரும்பினார். பயர்ன் மருத்துவர்கள் பார்த்தபோது 5 செ.மீ. கிழிசல், அரை சீசன் போனது. அந்த இழப்புக்கு ஈடாக டச்சு சங்கம் ஒப்புக்கொண்ட ஆட்டம்தான் 2012இல் நடந்தது.

பின்தொடை ஏன் இப்படிப் பழிவாங்குகிறது? முழு வேகத்தில் ஓடும்போது முன்னே வீசிய காலைத் தரையில் படுமுன் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். நீண்டுகொண்டே இழுக்க வேண்டிய வேலை. வெட்டுக்காரன் ஓடுகிறான், நிறுத்துகிறான், மறுபடி சீறுகிறான், அதே தசை ஒரே ஆட்டத்தில் பல முறை இந்த வேலையைச் செய்கிறது. ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம், அவசரப்பட்டு இறங்கினால் இன்னும் அதிகம். தைலம் தேய்த்து, துணி கட்டி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இறக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

செலவில்லாத தடுப்பு ஒன்று உண்டு. மண்டியிட்டு நிமிர்ந்து நில்லுங்கள், நண்பர் கணுக்கால் இரண்டையும் அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பு மடங்காமல் உடம்பை மெதுவாக முன்னால் சாய்த்துக்கொண்டே போய், தாங்க முடியாத கட்டத்தில் கைகளால் தரையைப் பிடியுங்கள். நார்டிக் பயிற்சி என்பார்கள். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் 2 நாள், 6 முறை வீதம் 2 சுற்று. பிறகு வாரம் 3 நாள் 3 சுற்று என்று ஏற்றி, ஐந்தாம் வாரத்திலிருந்து மூன்று சுற்றுக்கும் முறையே 12, 10, 8 முறை என்று நிலைப்படுத்தலாம். முதல் இரண்டு வாரம் தொடை வலிக்கும், அது பயப்படும் வலியல்ல. ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.

இனி வெட்டு. சம்பா அறுத்த வயலில் பழகாதீர்கள். அரிதாளும் வெடிப்பும் இருக்கும், உந்துகிற வலதுகால் வெடிப்பில் இறங்கினால் கணுக்கால் மடங்கும். கொள்ளிடத்து மணலும் இதற்கு ஆகாது. பந்து உருளாததால் பலமாகத் தட்டப் பழகிவிடுவீர்கள், பிறகு கெட்டித் தரையில் அதே அடி பந்தை நேராக ஸ்டாப்பரிடம் சேர்க்கும். பள்ளி மைதானத்துக் கெட்டி மண்ணே சரி. பந்து ஐந்தாம் எண், காற்று 8.5 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்காமல் இருக்கட்டும்.

செருப்பு ஒன்றை பேக்காக வையுங்கள். 20 மீட்டர் தள்ளிக் கிளம்பி இடதுகால் மட்டும். முதல் வாரம் நடையில், அடுத்தது பாதி வேகத்தில், ஷாட் இல்லாமலே. வெட்டிய பந்து உங்களைவிட்டு ஒரு மீட்டருக்கு மேல் போனால் அந்த முறை கணக்கில் இல்லை. பத்துக்கு எட்டு சரியாக வந்தபின் செருப்புக்குப் பதில் ஆளை நிறுத்துங்கள், அப்போதுதான் எடை பார்க்கும் பழக்கம் வரும். ஷாட்டுக்கு வலதுகாலைப் பந்துக்கு ஒரு சாண் பக்கத்தில் ஊன்றுங்கள். பந்து ஓயாமல் மேலே பறக்கிறதென்றால் ஊன்றிய கால் பின்தங்குகிறது, உடம்பும் பின்னால் சாய்கிறது என்று பொருள். வலதுகால்காரர்கள் இதையெல்லாம் இடது விங்கில் செய்ய வேண்டும், வலது விங்கில் அல்ல.

எழுவர் ஆட்டத்தில் இதை நம்பி இறங்காதீர்கள். முப்பது மீட்டர் ஓட இடமில்லை, வெட்டியதும் எதிரே இன்னொரு ஆள் நிற்பான். அங்கே கோட்டோரமாகவே போய் வலதுகாலால் பந்தைக் குறுக்கே போடத் தெரிந்தவனுக்குத்தான் வழி கிடைக்கும். அதையும் தினம் இருபது முறை போட்டுப் பழகுங்கள்.